அருள்நாயகி, மூன்றாம் பாகம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மேற்குக் கரையோர உலகத் திரைப்பட ஆய்வு வட்டம் இயங்கிவந்தது. அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு உபதலைவர், இரண்டு செயற்குழு உறுப்பினர்கள். மொத்த உறுப்பினர் ஐவர் என்பதால் பதவி இல்லாத உறுப்பினர் என்று எவரும் இருக்கவில்லை. கடிதத் தலைப்பு அச்சடித்து வைத்திருந்தார்கள். வட்டமான இறப்பர் முத்திரை ஒன்றும் இருந்தது.

தலைவர் பூபாலசிங்கம், வங்கியொன்றின் கிளை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தேத்தண்ணி வேண்டுமென்றாலும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிவிட்டே கேட்பார். செயலாளர் ஹியூபேட், கொட்டாஞ்சேனைக்காரர், கப்பல் முகவர் நிறுவனமொன்றில் எழுதுவினைஞர். பதினாறு வருடங்களாக வெள்ளி மாலை தலைவர் வீட்டுக்கு வந்து திங்கள் காலை அங்கிருந்தே வேலைக்குப் போகிறவர். சதுரங்கம் படிக்க வருகிறார் என்பது ஒழுங்கையில் சொல்லி வைத்திருந்த காரணம். பதினாறு வருடம் படித்தும் தேறாத மாணவனைப் பற்றி ஒழுங்கை கவலைப்படவில்லை. நாலுபேர் முன்னால் ஹியூபேட் தலைவரை 'சேர்' என்பார். மற்ற வேளைகளில் 'சிங்கம்'.

உபதலைவர் பாயிஸ் வீடியோ கசெற் வாடகைக் கடை வைத்திருந்தார். நல்ல சமையல்காரர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளவர். இதற்கு மேல் தன்னைப் பற்றி அவர் சொன்னதில்லை, மற்றவர்கள் கேட்டதும் இல்லை. செயற்குழுவினர் இருவரும் பெண்கள். கொன்ஸ்ரன்ஸ் புவியியல் ஆசிரியை, அடுத்த ஒழுங்கையில் தகப்பன் விட்டுப்போன சிறிய வீட்டில் இருந்தாள். கௌரி அந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருப்பவள் என்று பொலிஸ் பதிவில் இருந்தது. பின்னறையில் இருந்தது ஒரு இஸ்திரி மேசை.

ஆண்களை நேசிக்கும் ஆண்களையும் பெண்களை நேசிக்கும் பெண்களையும் பற்றிய படங்களைத்தான் வட்டம் ஆய்வு செய்தது. யாப்பில் அது 'மானிட உறவுகளின் பன்முகத் தன்மையைச் சித்திரிக்கும் படைப்புகள்' என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வசனத்தைச் செதுக்கத் தலைவருக்கு மூன்று வாரம் பிடித்தது. யாப்பும் முத்திரையும் வெறும் ஆடம்பரமல்ல. ஐந்து தமிழ் பேசுகிறவர்கள் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு வீட்டில் கூடினால், கதவு தட்டப்படும்போது கையில் ஒரு பதில் தயாராக இருக்கவேண்டிய காலம் அது.

சாதாரண நாளில் கூடுவதில்லை என்பதும் விதி. பண்டிகை, பிறந்தநாள் என்று ஏதாவது வேண்டும். பண்டிகைக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு சாப்பாடு. தீபாவளிக்கு இரண்டு மாலுமிகளின் கதை. அதில் அவர்கள் துறைமுகச் சுவரில் இருந்து பொரித்த மீன் தின்பார்கள், ஆகவே பொரித்த மீன். தைப்பொங்கலுக்கு இரண்டு கிழட்டுத் தோட்டக்காரர்கள் ஒரே வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு வாழும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர். அவர்கள் தின்னும் பணிஸ் மாதிரியான ஒன்றை பாயிஸ் செய்வார், அது எப்போதும் ரொட்டியாகவே முடியும். நோன்புப் பெருநாளுக்கு ஒதுக்கிய படத்தில் யாருமே சாப்பிடுவதில்லை. அதைப் படத்தின் குறையாகக் கருதி பாயிஸ் பிரியாணி ஆக்கினார்.

யேசு பிறந்த நத்தாருக்கு அருள்நாயகி.

படத்தின் உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. வட்டத்தின் பழைய உறுப்பினர் றேமண்ட், மொன்றியல் போய்ச் சேர்ந்த வருடம் தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்து அனுப்பிய கசெற் அது. பெயர் ஓடி முடிந்த பிறகே பதிவுப் பொத்தானை அமத்தியிருந்தார். சுங்கத்தில் யாராவது போட்டுப் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் மேலே 'செல்வி அருள்நாயகி பூப்புனித நீராட்டு விழா, பாகம் 3' என்று எழுதி அனுப்பினார். ஒரு சாமத்தியச் சடங்கு வீடியோவின் மூன்றாம் பாகத்தைக் கட்டளை இட்டாலும் பார்க்கக்கூடிய அதிகாரி எந்த நாட்டிலும் இல்லை. கசெற் பத்திரமாக வந்து சேர்ந்தது.

வந்த பிறகுதான் இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. முதலாவது, படம் பிரெஞ்சில் இருந்தது. இரண்டாவது, கனடாவின் பதிவு முறை வேறு, இங்கத்தைய பெட்டியின் முறை வேறு, நிறம் வரவில்லை. எல்லாம் சாம்பல்.

முதலாவது சிக்கலைத் தலைவர் தீர்த்துவைத்தார். எழுபத்துமூன்றில் ஆறு மாதம் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தவர் அவர். பெற்ற சான்றிதழ் வரவுக்கானது என்பது ஹியூபேட்டுக்கு மட்டும் தெரியும். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, பாத்திரங்கள் வாய் திறக்கத் திறக்கத் தலைவர் செந்தமிழில் மொழிபெயர்த்தார். துணி வெளுக்கும் கடையில் வேலை செய்கிறவள் ஒருத்தி, பஸ் நிலையத்தில் பயணச்சீட்டு விற்கிறவள் ஒருத்தி, பனி கொட்டும் சிறிய ஊர். சலவைக்காரி மூன்று சொல் பேசினால் தலைவர் முப்பது சொல் பேசுவார். பிரெஞ்சு சுருக்கமான மொழி என்று விளக்கினார்.

இரண்டாவது சிக்கலையும் அவரே தீர்த்தார். இரண்டு பெண்களும் முதல்முதலாகச் சேர்ந்து இருந்து ஒரு சூப் குடிப்பார்கள். அதன் நிறம் என்ன? தலைவர் அரைமணி நேரம் யோசித்து, அது சிவப்பு என்று தீர்மானித்தார். குருதியின் நிறம், தியாகத்தின் நிறம், காதலின் நிறம். ஆகவே ஒவ்வொரு நத்தாருக்கும் பாயிஸ் பீற்றூட் அவித்து, மசித்து, மிளகுதூள் போட்டு ஒரு சூப் வைத்தார். அது மண் வாசமடித்தது. எட்டு நத்தார் ஐந்து பேரும் அதைப் பக்தியோடு குடித்தார்கள்.

கடைசிக் காட்சியில் மட்டும் தலைவரின் தீர்ப்பு முழுமையாக ஏற்கப்படவில்லை. பனிப்புயலில் பஸ் வந்து நிற்கும். நீண்ட கோட்டும் தலையில் சால்வையுமாக ஒருத்தி, முதுகைக் காட்டியபடி ஏறுவாள். பஸ் போய்விடும். ஒரு பெண்குரல் ஒரே ஒரு வசனம் சொல்லும். படம் முடிந்துவிடும். இருவரும் ஒரே மாதிரிக் கோட்டுப் போடுகிறவர்கள்; சாம்பலில் வித்தியாசம் தெரியாது. ஏறியவள் யார்? சீட்டு விற்பவள்தான் என்றாள் கௌரி. சீட்டு அவள் கையில்தானே இருக்கிறது. இல்லை, சலவைக்காரி என்றாள் கொன்ஸ்ரன்ஸ். சீட்டு விற்கிறவளின் வேலை மற்றவர்களை அனுப்பிவைப்பது. யார் ஏறினாலும் பிரிவு பிரிவுதான் என்று தலைவர் இருவரையும் அடக்குவார். மற்றவள் வழியனுப்ப வராமல் விட்டது பற்றி அவரிடம் தனியாக ஒரு உரை இருந்தது.

இனி கௌரியின் காத்திருப்பு.

தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் இறங்கியபோது, போரால் வெளியூர்த் தமிழர் எல்லாரும் நிரப்பவேண்டியிருந்த பொலிஸ் பதிவுப் படிவத்தில் 'கொழும்பில் தங்குவதற்கான காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. வெளிநாடு போகக் காத்திருக்கிறேன் என்று எழுதச் சொன்னார் லொட்ஜ் முகாமையாளர். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். கௌரிக்கு எங்கும் போகும் எண்ணம் இருக்கவில்லை. இரண்டு மாதத்தில் கொன்ஸ்ரன்ஸைச் சந்தித்தாள். அதற்குப் பிறகு காலி வீதியைக் கடப்பதற்கே அவளுக்கு மனமில்லை. ஆனால் ஒருதரம் எழுதிய காரணத்தை மாற்றினால், ஏன் மாற்றினாய் என்ற கேள்வி வரும். காரணம் இல்லாதவளை விடக் காரணத்தை மாற்றுகிறவள் சந்தேகத்துக்கு உரியவள். ஆகவே பதிவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் காத்திருந்தாள்.

மூன்றாம் வருடம் பொலிஸ் நிலையத்தில் ஒரு அதிகாரி, காத்திருப்பதற்கு அத்தாட்சி கேட்டார். அத்தாட்சி வேண்டுமென்றால் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ரொறன்ரோவில் இருந்த தமையன் சந்தோஷமாக ஒழுங்கு செய்தான். தூதரகத்திலிருந்து வந்த 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்ற கடிதத்தைக் காட்டி இரண்டு வருடம் ஓடியது. பிறகு 'பரிசீலனையில் உள்ளது' என்ற கடிதத்தில் மூன்று வருடம். கொழும்பில் கௌரி வாழ்வதற்கான உரிமை, கொழும்பை விட்டுப் போவதற்காக அவள் செய்யும் முயற்சியில் தங்கியிருந்தது. முயற்சி தோற்றுக்கொண்டே இருக்கும் என்று இருவரும் நம்பினார்கள்.

தொண்ணூற்றொன்பது ஒக்டோபரில் விசா வந்தது.

வந்த கடிதத்தைக் கொன்ஸ்ரன்ஸ்தான் பிரித்தாள். வாசித்துவிட்டு, நல்ல விஷயம் என்றாள். அவளுக்கு அதற்கு முந்திய வருடத்து நினைவு இருந்தது. எங்கேயோ குண்டு வெடித்த மறுநாள் விடிய கௌரியை வெறுங்காலோடு பொலிஸ் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கொன்ஸ்ரன்ஸ் பொலிஸ் நிலைய வாசலில் கௌரியின் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டதற்கு, வாடகைக்கு இருக்கிறவ என்றாள். வாடகைக்கு இருப்பவளுக்காக ஒருத்தி இரண்டு நாள் நிற்பதைக் காவலுக்கு நின்றவர் வினோதமாகப் பார்த்தாராம். அந்தச் செருப்பு அவள் மனதை விட்டுப் போகவில்லை. போனால் கௌரிக்குப் பாதுகாப்பு. ஆகவே போகச் சொல்வது கடமை. கடமையைச் செய்வதில் அவள் ஆசிரியை.

கொன்ஸ்ரன்ஸ் வேறு ஏதாவது சொல்வாள் என்று கௌரி இரண்டு மாதம் பார்த்திருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் அவளுக்குக் கம்பளிக் காலுறை வாங்கிக்கொடுத்தாள். கனடாவின் காலநிலை வலயங்களை வரைபடம் போட்டு விளக்கினாள். டிசெம்பர் இருபத்துமூன்றுக்கு விமானச் சீட்டு எடுத்தாயிற்று. பொலிஸ் நிலைய அதிகாரி கூட விசாவைப் பார்த்துவிட்டு வாழ்த்துச் சொன்னார். எட்டு வருடம் பொறுமையாக இருந்ததற்குப் பலன் என்றார்.

நத்தாருக்குக் கௌரி இருக்கமாட்டாள் என்பதால், பதினெட்டாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் நத்தாரை முன்கூட்டியே கொண்டாடுவதென்றும் அதையே பிரியாவிடை விழாவாக நடத்துவதென்றும் செயற்குழு தீர்மானித்தது. தலைவர் பொன்னாடை வாங்கினார். குத்துவிளக்கு ஏற்றுவதற்கு ஹியூபேட்டை அழைத்தார். பிறகு எழுந்து, மதிப்புக்குரிய தலைவர் அவர்களே என்று தொடங்கினார். தலைவர் என்ற முறையில் தானே தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

உரை மூன்று தாள். பிரிவே காதலின் மகுடம் என்பது அதன் சாரம். அருள்நாயகி படத்தின் இறுதிக் காட்சியை மூன்று இடத்தில் உதாரணம் காட்டினார். பஸ் ஏறிய அந்தப் பெண் அன்று சொன்ன வசனத்தை, 'என் ஆன்மாவின் பாதியை உன்னிடம் விட்டுச் செல்கிறேன், மீதியைப் பனி காக்கட்டும்' என்று தழுதழுத்த குரலில் சொன்னார். கௌரி பொன்னாடையை மடியில் வைத்து நூல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் வகுப்பில் இருப்பது போல நிமிர்ந்து இருந்தாள். இரண்டாம் தாள் முடியும்போது ஹியூபேட், "சேர், சூப் ஆறுது," என்றார்.

சிவப்புச் சூப் பரிமாறப்பட்டது. பாயிஸ் கசெற்றைப் போட்டார். தலைவரின் பழைய வீடியோ டெக் போன மாதம் ஒரு கசெற்றைத் தின்று செத்துப்போனதால், மச்சான் டுபாயிலிருந்து கொண்டுவந்த புதிய டெக்கைக் கடையிலிருந்து தூக்கி வந்திருந்தார். எல்லா நாட்டுக் கசெற்றும் அதில் ஓடும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. அதன் அர்த்தத்தை யாரும் யோசிக்கவில்லை.

முதல் ஐந்து நிமிடம் பனி. பனி முன்பும் வெள்ளைதான், இப்போதும் வெள்ளைதான். பிறகு சலவைக்கடைக் கதவு திறந்து, சலவைக்காரி வெளியே வந்தாள். அவளுடைய கோட்டு பச்சை நிறமாக இருந்தது.

தலைவர் மொழிபெயர்ப்பதற்குத் திறந்த வாயை மூடாமல் நின்றார். எதிரே சீட்டு விற்பவள் வந்தாள். சிவப்புக் கோட்டு. தபால்பெட்டிக்கு ஒரு நிறம், சுவருக்கு ஒரு நிறம், எட்டு வருடம் பார்த்த தெருவில் ஒன்றும் பழைய மாதிரி இல்லை. பிறகு சூப் வந்தது. கமரா கிட்டப் போய் ஒரு கோப்பையை நிதானமாகக் காட்டியது. மஞ்சள். கெட்டி மஞ்சள், மேலே இரண்டு துண்டு இறைச்சி.

பாயிஸ் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "இது பருப்பு," என்றார். "அல்லாவே, இது நம்மட பருப்பு சேர். எட்டு வருசமா என்ன பீற்றூட் அவிக்க வெச்சீங்களே."

தொலைக்காட்சிப் பெட்டியின் நிறச் சீராக்கம் பிழை என்று தலைவர் விளக்கினார். சூப்பின் புற நிறம் வேறு, உணர்வு நிறம் வேறு என்றும் சொன்னார். ஹியூபேட் தனது கோப்பையில் இருந்த உணர்வு நிறத்தை எட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

கொன்ஸ்ரன்ஸ் சூப்பைப் பற்றி யோசிக்கவில்லை. சலவைக்காரி பச்சை, சீட்டு விற்பவள் சிவப்பு; அப்படியென்றால் கடைசியில் பஸ் ஏறுகிறவள் யாரென்று இன்றைக்குத் தெரியப்போகிறது. கௌரிக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால், கோப்பைகளைக் கழுவப் போவதாக எழுந்தாள். கொன்ஸ்ரன்ஸ் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இருத்தினாள்.

பனிப்புயல். பஸ் வந்து நின்றது. தலையில் சால்வையோடு ஒருத்தி முதுகைக் காட்டியபடி ஏறினாள்.

கோட்டு நீலம்.

பாயிஸ் படத்தைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். நீலம்தான். யாரோ ஒரு பயணி. ஊரில் பஸ் பிடிக்க வந்த யாரோ ஒரு மனிசி. பஸ் போனதும், திரையின் வலது ஓரத்தில், தரிப்பிடக் கூரையின் கீழே, எட்டு வருடம் எல்லாரும் மூட்டை என்று நினைத்திருந்த சாம்பல் குவியல் இப்போது பச்சையும் சிவப்புமாக இருந்தது. இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் ஒட்டி, குளிருக்கு ஒடுங்கி இருந்தார்கள். குரல் அந்த ஒற்றை வசனத்தைச் சொன்னது. படம் முடிந்தது.

இருவரில் யாரும் போகவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் எங்கேயோ போனதற்காக ஐந்து பேர் எட்டு நத்தார் அழுதிருந்தார்கள்.

"சேர்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "கடைசியில அவள் என்ன சொல்லுறாள்?"

பூபாலசிங்கம் தாளைப் பார்த்தார். ஹியூபேட்டைப் பார்த்தார். அவரை அறிந்தவர்கள் எவரும் கண்டிராத ஒரு காரியத்தைச் செய்தார். கதிரையில் இருந்துகொண்டே பேசினார். "எனக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பாசை விளங்கிறேல்லை. ஒருநாளும் விளங்கேல்லை."

ஹியூபேட் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "குடியும் சிங்கம்," என்றார், எல்லார் முன்னாலும்.

கொன்ஸ்ரன்ஸ் இன்னும் கௌரியின் சட்டைக் கையை விடவில்லை. பிடித்திருப்பதை மறந்துவிட்டாள் போலிருந்தது. திரையில் இப்போது வெறும் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்தப் புள்ளிகளைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"போகாதையும்."

கௌரி பொன்னாடையை மடித்தாள், இன்னொரு முறை மடித்தாள்.

"ரெண்டு மாசமா எங்க வைச்சிருந்தனீர் இதை?"

"உம்மைத் திரும்பவும் கொண்டுபோவாங்கள் எண்டு பயம்."

"பயம் எண்டு சொல்லியிருக்கலாமே. காலுறை வாங்கித் தாறீர்." பிறகு கௌரி நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தாள். "சரி. பொலிசுக்கு என்ன காரணம் சொல்லுறது?"

அதுதான் அவளுடைய பதில் என்பது விளங்க மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

காரணம் இலேசான விஷயமல்ல. விசா வந்தும் போகாதவள் என்பது, காத்திருப்பவளையும் காரணம் மாற்றியவளையும் விட மோசமான வகை. உத்தியோகம் என்றால் பரவாயில்லை, ஆனால் யார் கடிதம் தருவது? கௌரி கணிதம் சொல்லிக்கொடுத்த வீடுகள் எதுவும் பொலிசுக்குக் கடிதம் எழுத முன்வராது. பாயிஸ் தனது கடையில் ஆள் என்று எழுதலாம் என்றார். வீடியோக் கடைக்கு கனடாவை விட்டுவிட்டு யார் வருவார்கள் என்று ஹியூபேட் கேட்டார். அப்போது பூபாலசிங்கம் மெல்ல எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். வட்டத்திடம் கடிதத் தலைப்பும் முத்திரையும் இருப்பதை ஞாபகப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் எழுதினார். ஐந்து பக்கம். மேற்குக் கரையோர உலகத் திரைப்பட ஆய்வு வட்டம், தனது நீண்டகால ஆய்வுத் திட்டத்தின் பொருட்டு, முழுநேர ஆய்வு உத்தியோகத்தர் ஒருவரின் இன்றியமையாமையை உணர்ந்து, என்று ஆங்கிலத்தில் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில்தான் முதல் வாக்கியம் முடிந்தது. ஹியூபேட் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தினார், சில பக்கங்களில் இரண்டு.

திங்கட்கிழமை கௌரியும் கொன்ஸ்ரன்ஸும் பொலிஸ் நிலையம் போனார்கள். வாழ்த்துச் சொன்ன அதே அதிகாரி. கனடாவில் கிடைக்காத உத்தியோகமா என்று கேட்டார். கௌரி கடிதத்தை நீட்டினாள். அவர் முதல் பக்கத்தைக் கவனமாக வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் நெற்றியைத் தேய்த்தார். மூன்றாம் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். நான்காவதையும் ஐந்தாவதையும் புரட்டவில்லை. இவ்வளவு நீளமாக எழுதுகிற நிறுவனம் அரசாங்கத்தோடு சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்திருக்கலாம். இந்த வட்டம் என்ன செய்கிறது என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். படம் பார்ப்போம், அதில் அவர்கள் சாப்பிடுவதைச் சமைத்துச் சாப்பிடுவோம் என்று கௌரி உள்ளதைச் சொன்னாள். அவளுடைய எட்டு வருடப் பதிவில் அதுதான் முதல் உண்மை. அவர் சிரித்துவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'உத்தியோகம்' என்று எழுதினார்.

பிறகு கொன்ஸ்ரன்ஸைப் பார்த்து, நீங்கள் யார் என்றார்.

"செயற்குழு," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

வேலையிலிருந்து விலகினால் அறிவிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பயம் அதனால் போய்விடவில்லை. அந்த வாரமே ஒழுங்கையில் சோதனை நடந்தது. கதவு தட்டப்பட்டபோது கொன்ஸ்ரன்ஸ் முதலில் செய்த வேலை, கௌரியின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தது. வந்தவர்கள் பதிவைப் பார்த்தார்கள், ஐந்து பக்கத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். தமையனிடம் கௌரி தொலைபேசியில் அரைமணி நேரம் பேசினாள். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் அழைப்பு எடுக்கவில்லை.

நத்தாரன்று பின்னேரம் ஐந்து பேரும் மறுபடி கூடினார்கள். பாயிஸ் படத்தில் கண்டபடியே செய்திருந்தார். பருப்பை இறைச்சித் துண்டுகளோடு நன்றாகக் கரைய அவித்து, பெரிய சட்டி நிறையக் கொண்டுவந்தார். அருமையாக இருந்தது. எல்லாரும் இரண்டு கோப்பை குடித்தார்கள். தலைவர் உரை நிகழ்த்தவில்லை, மொழிபெயர்க்கவும் இல்லை. அவர் பேசாததால் இரண்டு பெண்களும் பிரெஞ்சில் என்னென்னவோ பேசுவது முதல்தடவையாக ஒழுங்காகக் காதில் விழுந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

பாதிப் படத்தில் கௌரி, "என்னவோ குறையுது," என்றாள்.

என்ன குறைகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. பருப்பு எல்லா நாளும் தின்பது. இப்படி ருசியாக எதையாவது சாப்பிட்டால் அது நத்தார் மாதிரியே இல்லை. ஹியூபேட் எழுந்து குசினிக்குப் போனார். மரக்கறிப் பெட்டிக்குள் மூன்று பீற்றூட் இருந்தது. பாயிஸ் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் போனார். தலைவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமி, மிளகுதூள் கொஞ்சம் கூடப் போடும்படி கேட்டுக்கொண்டார்.